மனுஷப் பந்தி

சீ, அங்க உக்காராதீங்க சார். எவனோ ஆரஞ்சுத் தோல உரிச்சு சீட்டு மேலயே போட்டுட்டு எறங்கிப் போயிருக்கான். இப்படி வாங்க, என் பக்கத்துல வாங்க. எனக்கும் பேச்சுத்தொணைக்கு ஆளு வேணும். ஓட்டுறவன் இருந்தா அவன்கிட்டயாச்சும் ரெண்டு வார்த்தை பேசிட்டு வரலாம். அவனும் இல்ல, கண்டக்டரும் இல்ல. டிக்கெட் கேக்க நாதி இல்லாத பஸ்ஸுல எவன் எவனோ ஏறி எங்க எங்கயோ போறான். முன்சீட்டுல ஒருத்தன் தூங்கி வழியிறான் பாருங்க, அவன் காலையில இருந்து இதே பஸ்ஸுல போறதும் வர்றதுமா இருக்கானாம். எதுக்குடான்னு கேட்டேன். ‘சும்மா, காத்தாட’ங்கிறான். கல்லு மாதிரி ஒடம்ப வச்சுக்கிட்டு காத்தாடப் போறானாம். பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வருது எனக்கு.

நான் எங்க போறேன்னா, ராஜபாளையத்துக்கு. மகளக் கட்டிக் குடுத்திருக்கு. யாழிசைன்னு பேரு, ஒரே புள்ள. தையில கல்யாணம். இப்ப ஆடி பொறந்து பாதி ஓடிருச்சு. தலை ஆடிக்கு மகளக் கூட்டியாந்து நம்ம வீட்டுல வைக்கணும்ல, அதான மொறை? எத்தன தடவ கூப்பிட்டாச்சுங்கிறீங்க. ‘வர்றேம்ப்பா, வர்றேம்ப்பா’ங்கிறா. வரல. சரி, நேர்ல போய்க் கையோட கூட்டிட்டு வந்துருவோம்னு கெளம்பிட்டேன். எம் பொண்டாட்டி வசுமதியக் கூப்பிட்டேன். ‘நீங்க போயிட்டு வாங்க, மொதல்ல அவ உங்களோட வர்றாளான்னு பாருங்க’ன்னு சொல்லிட்டா. இது என்ன பேச்சு சார்? பெத்த தகப்பன் போய் நின்னா வரமாட்டாளா? வருவா. வராம எங்க போறா.

வெறுங்கையோடதான் போறேன். ஆடிச் சீருக்கு என்னத்தக் கொண்டு போகச் சொல்றீங்க? சேலையா? நெனச்ச சேலைய வீட்டுல இருக்கிற மிஷினே நெய்ஞ்சு மடிச்சுக் குடுக்குது. பழமா? வேணும்னு சொன்ன மறுநிமிசம் வாசல்ல வந்து எறங்குது. மிஷினே வெதைக்குது, மிஷினே அறுக்குது, மிஷினே மிஷினச் செய்யுது. உள்ளவன் இல்லாதவன் எல்லாருக்கும் ஒரே மாதிரி பங்கு வீடு தேடி வந்துருது. எங்கிட்ட கோடிக்கணக்குல பணம் இருக்கு சார், பேங்க்ல கெடக்கு. வச்சு நாக்கு வழிக்கவா? அத நீட்டுனா வாங்கிக்கிறதுக்கு ஒருத்தன் வேணும்ல. எல்லாம் இருக்கிறவன் எதுக்கு என் காச வாங்கப் போறான்?

திருமங்கலத்துல பரமேஸ்வரி மஹால்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம மண்டபந்தான். தெய்வசிகாமணின்னா அப்ப அந்தச் சுத்துவட்டாரத்துல தெரியாத ஆளு கெடையாது. முகூர்த்த மாசம் வந்துட்டா மூச்சு விட நேரமிருக்காது. சமையலுக்கு, பரிமாற, பாத்திரங் கழுவ, கூட்டிப் பெருக்கன்னு ஒரு பட்டாளமே எங்கிட்ட இருந்துச்சு. நான் உள்ள நொழஞ்சா போதும், உக்காந்திருக்கிறவன் எந்திரிப்பான், நிக்கிறவன் ஒதுங்குவான். பீடி குடிக்கிறவன் முதுகுக்குப் பின்னால மறைப்பான். அதுக்குப் பேருதான் சார் மரியாதை. யாரையும் நான் அதட்டுனது இல்ல. அதட்டவே வேண்டியதில்லாம இருந்துச்சு. அம்புட்டு பிரியம் அவய்ங்களுக்கு எம்மேல.

இப்ப மஹால் ரோட்டுல நான் நடந்து போனா, அதே ஆளுக அவய்ங்கபாட்டுக்குப் போறாய்ங்க. ஒருத்தன் கிடார் தூக்கிட்டுப் போறான். ஒருத்தன் அம்பத்தஞ்சு வயசுல பரதநாட்டியம் படிக்கிறான், தொந்தி குலுங்குது. பாத்திரங் கழுவுனவன் கவிதை எழுதுறானாம், என்னைய நிறுத்தி வச்சு வாசிச்சுக் காட்டுறான். நிலாவாம், கொலுசாம். குமட்டிக்கிட்டு வருது. ஏன்டா, நெத்தி வேர்வை நெலத்துல விழ வேலை பாத்த கையாடா இதுன்னு கேட்டேன். ‘அந்தக் கைதாண்ணே, இப்ப எப்படி இருக்கு பாருங்க’ன்னு விரிச்சுக் காட்டுறான். வெக்கமே இல்ல.

சரி, கல்யாணத்துக்கு வர்றேன். மாப்பிள்ளை நல்ல பையன், ஒரு கொறையும் இல்ல. அவங்கப்பா நாகமாணிக்கம், அந்தக் காலத்துல நூல் மில்லு வச்சிருந்தவரு. இப்ப மில்லும் தானாவே ஓடுது, அவரும் தானாவே உக்காந்திருக்காரு. பொண்ணு பாத்துட்டு, புடிச்சிருக்குன்னு சொல்லிட்டு, வெத்தலையப் போட்டுக்கிட்டே மெதுவாச் சொன்னாரு.

‘சம்பந்தி, பொன்னு வேணாம், பொருளு வேணாம். அதெல்லாம் இப்ப நாய் கூடத் திரும்பிப் பாக்காது. ஒண்ணே ஒண்ணு. மனுஷப் பந்தி போட்டுருங்க.’

உங்க பக்கம் இந்த வழக்கம் வந்துருச்சா? வரலையா? குடுத்து வச்சவங்க. அதாவது, கல்யாணப் பந்தியில ஒரு மிஷினு கண்ணுல படக்கூடாது. ஆக்குறது மனுஷன், பரிமாறுறது மனுஷன், தொடைக்கிறது மனுஷன். எல்லாஞ் சும்மா கெடைக்கிற காலத்துல சும்மா கெடைக்காதது என்ன? அடுத்தவன் நமக்காக வந்து குனிஞ்சு நிமுந்து வேலை பாக்குறது. ‘எங்க சம்பந்தி வீட்டுக்கு இத்தன பேரு வந்து வேலை பாத்தாய்ங்க’ன்னு நாகமாணிக்கம் ராஜபாளையம் பூரா சொல்லிக்கிறணும். அதான் இப்ப வரதட்சணை. அந்தக் காலத்துல நகை போடச் சொன்னா போட்டுட்டுப் போயிருவேன். மனுஷன எந்தக் கடையில போய் வாங்குறது?

சரின்னு சொல்லிட்டேன். எங்கிட்டயா ஆளு இல்ல? பட்டாளம் வச்சிருந்தவன்ல.

அதுவும் ஆரம்பத்துல ஒண்ணும் செரமமா இல்ல. ஆக்குறதுக்கு எவன் வருவான்னு ஒரு வார்த்தை விட்டேன், அடிச்சுப் புடிச்சுக்கிட்டு வந்தாய்ங்க. ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜரு ஒருத்தரு, சாம்பார் நாந்தான் வைப்பேன்னு சண்டை. ரசத்துக்கு ஒரு டாக்டரு. எல்லாம் ஆசைக்கு ஆக்குறவய்ங்க. கூலி வேணாம், ‘ஆகா, அருமை’ன்னு நாம ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பரிமாறவும் அப்படித்தான். பட்டுப்பாவாடை கட்டிக்கிட்டு கூட்டு, பொரியல் வைக்க, வயசுப் பொண்ணுக ஒரு கூட்டமே பேரு குடுத்துருச்சு. பந்தல் போட ஆளு, கோலம் போட ஆளு, சந்தனம் குடுக்க ஆளு, எல்லாம் வந்தாச்சு.

இலை எடுக்க ஆளு இல்ல.

சிரிக்காதீங்க. நானும் மொதல்ல சிரிச்சேன். பந்தி முடிஞ்சதும் எச்சி இலைய எடுத்து வாளியில போட்டு, டேபிளத் தொடச்சு, புதுப் பேப்பரு விரிக்கணும். அம்புட்டுத்தான வேலை? மஹால்ல இப்ப அதுக்கு ஒரு மிஷினு இருக்கு, நண்டும்போம் நாங்க. டேபிள் மேலயே நண்டு மாதிரி ஊந்து போய் இலைய வாரி வயித்துக்குள்ள போட்டுக்கிட்டு பின்னாலேயே தொடச்சுட்டு வந்துரும். அத வெளிய விடக்கூடாதே. ஊரு பூரா கேட்டேன் சார். மூஞ்சியச் சுளிச்சாய்ங்க. என் தம்பி மகன் என்ன சொன்னான் தெரியுமா? ‘பெரியப்பா, உங்களுக்காக உசுரையே குடுப்பேன், இலை மட்டும் வேணாம்’னான். அவன் உசுர வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?

ஒருத்தன் மட்டும் சம்மதிச்சு வந்தான். தலைமுடிய உச்சியில கொண்டை போட்டவன். ‘சார், இலை எடுக்கிறத நான் ஒரு நாட்டியமா பண்றேன், உழைப்போட வலியச் சொல்ற மாதிரி’ன்னான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு, கட்டிப்புடிச்சுக்கிட்டேன். அப்புறம் மெதுவாச் சொல்றான், ‘நெஜ இலை வேணாம் சார், ஒரு மாதிரி இருக்கும். துணியில செஞ்ச இலை கொண்டாந்துருவேன்’னு. த்தூன்னு காறித் துப்பி அனுப்புனேன்.

அப்பத்தான் வசுமதி சொன்னா, ‘வாளியப் போய்ப் பாருங்களேன்’னு.

வாளின்னா ஒரு பொம்பளை. நம்ம மஹால்ல இலை எடுத்தவ. மஹால் தொறந்த நாள்ல இருந்து நண்டு வந்த வரைக்கும் அவதான். எந்நேரமும் கையில வாளியோட நிப்பா, அதனால ‘ஏ வாளி’ன்னுதான் கூப்புடுவோம். செல்லமாத்தான். அவளும் ஓடியாருவா. புதுக் காலனியில வீடு குடுத்திருக்காகன்னு விசாரிச்சுப் போனேன். வாசல்ல பேரு எழுதியிருக்கு, பஞ்சவர்ணம்னு. இம்புட்டு நல்ல பேர வச்சுக்கிட்டு இத்தன வருசமா ஒரு நாள் எங்கிட்ட வாயத் தொறந்து சொன்னதில்ல பாருங்க. அழுத்தக்காரி.

பகல் பதினோரு மணி, தூங்கிட்டு இருக்கா சார்! கதவு தட்டி எழுப்ப வேண்டியதாப் போச்சு. வீட்டப் பாத்தா என் வீட்ட விட குளுகுளுன்னு இருக்கு. நான் வாங்கணும்னு நெனச்ச அதே சோபா.

‘வாங்கண்ணே, உக்காருங்க’ன்னா.

அண்ணே! மொதலாளின்னு கூப்பிட்ட வாயி. சரி, காரியம் ஆகணும், உக்காந்தேன்.

‘ஒடம்பு சரியில்லையா, இந்நேரம் படுத்திருக்க?’

‘நல்லாத்தாண்ணே இருக்கேன். தூங்குறதுதான் வேலை. முகூர்த்தம் முகூர்த்தமா முழிச்சது எல்லாம் சேந்து கெடக்குல்ல, கொஞ்சங் கொஞ்சமாத் தூங்கித் தீத்துக்கிட்டு இருக்கேன்.’

அவ வீட்டு மிஷினு காப்பி கொண்டாந்துச்சு. அவளுக்கும் எனக்கும் ஒரே மாதிரி டம்ளரு. எனக்கு எறங்கல சார், சுகருன்னு சொல்லி வச்சுட்டேன். அப்படியெல்லாம் பாக்குற ஆளு இல்ல நான், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. ஏதோ அன்னைக்கு எறங்கல.

விசயத்தச் சொன்னேன். ‘யாழுக்குக் கல்யாணம். மனுஷப் பந்தி கேக்குறாய்ங்க. நீதான் வந்து இலை எடுத்துக் குடுக்கணும். என்ன வேணும்னாலும் கேளு’ன்னேன்.

‘எனக்கு என்னண்ணே வேணும்? எல்லாந்தான் இருக்கு.’

‘அப்படிச் சொல்லாத. பழச மறந்துறக் கூடாது. மிஞ்சுன சாப்பாட்ட ஒரு நாளாச்சும் ஒனக்குக் குடுக்காம இருந்திருக்கேனா? சாம்பாரு, ரசம், பாயசம் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் குடுக்கச் சொல்லுவேன்ல?’

‘ஆமாண்ணே. எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். மறக்கல.’

‘பெறகென்ன?’

‘இலை எடுக்க மாட்டேண்ணே. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. எடுத்தது போதும். கல்யாணத்துக்குக் கூப்புடுங்க, வர்றேன். அந்தப் புள்ளய மாலையுங் கழுத்துமாப் பாக்கணும்னு ஆசை இருக்கு.’

அம்புட்டுத்தான். கொஞ்சினேன், கெஞ்சினேன், அசையல. பிள்ளையாரு மாதிரி உக்காந்திருக்கா. எந்திரிச்சு வந்துட்டேன். வர்ற வழியில எனக்கு ஒரு யோசனை. எத்தன வருசப் பழக்கம் சார் அது? மாட்டுக்குக் கூட நொகத்தடியப் பாத்தா கழுத்து தானா எறங்கும். அவள வரவச்சு, மொதப் பந்தியில உக்கார வச்சு, சாப்பிட்டு முடிச்சு அத்தன இலையும் கண்ணு முன்னால கெடந்தா, அந்தக் கை சும்மா இருக்குமா? தன்னாலேயே எடுத்துரும். நாம ஒண்ணும் சொல்லவே வேண்டியதில்ல. வசுமதிகிட்டச் சொன்னேன். அவ என்னைய ஒரு மாதிரி பாத்தா. பொம்பளைகளுக்கு இதெல்லாம் புரியாது.

மறுநாள் தட்டுல பத்திரிகை, வெத்தலை பாக்கு, பூ, பழம் எல்லாம் வச்சு, புருசன் பொண்டாட்டியா ரெண்டு பேரும் அவ வீட்டு வாசல்ல போய் நின்னோம். நான் சார், தெய்வசிகாமணி, வாளி வீட்டு வாசல்ல தட்டோட நிக்கிறேன். எம் மகளுக்காக நின்னேன். வாளிக்குக் கண்ணு கலங்கிருச்சு. தட்ட வாங்கி சாமி படத்துக்கு முன்னால வச்சா. சரி, ஆளு விழுந்துட்டான்னு நெனச்சுக்கிட்டேன்.

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. தாலி கட்டி முடிஞ்சதும் மொதப் பந்தி, வெளியூர்ல இருந்து வந்த நம்ம சொந்தபந்தத்துக்கு. ரெண்டாவது பந்தியில பொண்ணு மாப்பிள்ளையோட சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாரும் உக்கார்றதா ஏற்பாடு. பஞ்சவர்ணம் வந்தா. பட்டுச்சேலை, தலை நெறயப் பூ, கையில ஒரு ஹேண்ட்பேக்கு. நானே வரவேத்து, மொதப் பந்தியில, வரிசையோட கடைசிச் சேருல உக்கார வச்சேன். அந்தச் சேருக்குப் பக்கத்துலயே ஒரு புது வாளியும் வச்சிருந்தேன். கைக்கு எட்டுற தூரத்துல. வாளியப் பாத்தா. என்னையப் பாத்தா. அப்புறம் தன்னோட ஹேண்ட்பேக்க எடுத்து அந்த வாளிக்குள்ள வச்சுட்டு, இலையில தண்ணி தெளிச்சுக்கிட்டா.

நிதானமாச் சாப்பிட்டா சார். சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு, அப்பளத்த ஒடிச்சு ஒடிச்சு. வத்தக்கொழம்ப ரெண்டு தடவ கேட்டு வாங்குனா. முடிச்சா. இலைய தம் பக்கமா மடிச்சா. வாளிக்குள்ள இருந்து பைய எடுத்து மாட்டுனா. கை கழுவப் போயிட்டா.

மொத்தப் பந்தியும் எந்திரிச்சுப் போயிருச்சு. நீள நீளமான டேபிளு, ரெண்டு பக்கமும் எச்சி இலை. ரெண்டாவது பந்திக்காரவுக வந்து வாசல்ல நிக்கிறாக. முன்னால மாலையுங் கழுத்துமா எம் மகளும் மாப்பிள்ளையும், பக்கத்துல நாகமாணிக்கம். பரிமாறுன பொண்ணுகளப் பாத்தேன். ‘அது எங்க வேலை இல்ல அங்கிள்’னு செவத்தோரமா ஒதுங்கிருச்சுக. பேங்க் மேனேஜரு, ‘நான் சாம்பார் மட்டுந்தான் ஒத்துக்கிட்டேன்’னாரு. வசுமதி கொசுவத்தச் சொருகிக்கிட்டு வந்தா, சம்பந்தியம்மா கையப் புடிச்சு நிறுத்திருச்சு, ‘பொண்ணோட அம்மா நீங்க போயி…’ன்னு. நண்ட வெளிய விட்டுறலாமான்னு சமையக்கட்டுப் பக்கம் ரெண்டு எட்டு வச்சேன்.

‘என்ன சம்பந்தி?’ன்னாரு நாகமாணிக்கம், எல்லாருக்கும் கேக்குற மாதிரி. ‘இதுக்கு ஆளு இல்லையோ? மிஷினு வர்றதா இருந்தா சொல்லிருங்க, நாங்க வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்குறோம்.’

எம் மக மொகம் செத்துப் போச்சு சார். அந்த மொகத்த எந்தத் தகப்பனும் பாக்கக் கூடாது.

கை கழுவுற எடத்துக்கு ஓடுனேன். பஞ்சவர்ணம் கைய ஒதறிக்கிட்டு நிக்கிறா. ‘சாப்பாடு ருசியா இருந்துச்சுண்ணே. ரசந்தான் கொஞ்சம் உப்புக் கூட’ங்கிறா.

‘ஏ வாளி, வந்துரு. மானம் போகுது. இந்த மண்டபத்தையே ஒம் பேருக்கு எழுதித் தர்றேன்.’

‘அத வச்சுக்கிட்டு நான் என்னண்ணே பண்ண? கூட்டணும், பெருக்கணும்’ன்னா. சிரிக்கக் கூட இல்ல, நெசமாவே யோசிச்சுத்தான் சொன்னா. அப்புறம் போய் எம் மகளுக்கு நெட்டி முறிச்சு திருஷ்டி கழிச்சுட்டு, அவபாட்டுக்கு நடந்து போயிட்டா. நன்றிகெட்ட ஜென்மம்.

என்ன பண்ணச் சொல்றீங்க? பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டுனேன். சட்டையோட கைய மடக்குனேன். வாளியத் தூக்குனேன்.

சார், நான் இருபத்தி நாலு வருசம் மஹால் நடத்துனவன். லட்சம் பேரு எங்க பந்தியில சாப்பிட்டிருப்பாய்ங்க. ஆனா மனுஷன் இப்படித் திம்பான்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. கண்றாவி. முருங்கக்காய மென்னு, சக்கையத் துப்பி, அதுக்கு மேலேயே பாயசத்த ஊத்தியிருக்கான். ஒரு வடையில பாதி கடிச்சிருக்கு, கடிச்ச எடத்துல பல்லுத் தடம். சோத்தோட மோரு கலந்து ஓரமா வழியுது, தொட்டா கொழகொழங்குது. ஒருத்தன் வெத்தலைச் சாற இலையிலேயே துப்பியிருக்கான். ஒருத்தி புள்ளைக்கு மூக்குச் சிந்தி, துடைச்ச பேப்பர அப்பளத்துக்குக் கீழ செருகியிருக்கா. எங்க அக்கா உக்காந்த எடம், எனக்குத் தெரியும், ஜாங்கிரிய வாயில வச்சுப் பாத்துட்டு அப்படியே எடுத்துத் திரும்ப வச்சிருக்கா. எங்க குடும்பத்து ஆளுக சார்! சந்தனம் பூசி, செண்ட் அடிச்சு, பட்டுக் கட்டி வந்தவய்ங்க. குனிஞ்சா வாட மொகத்துல அடிக்குது. சூடான சோறும் எச்சிலும் கலந்த வாட. தொண்டை வரைக்கும் வந்துருச்சு, முழுங்கிக்கிட்டேன். முழுங்கி முழுங்கி ஒவ்வொரு இலையா எடுத்தேன். முழங்கை வரைக்கும் வழிஞ்சிருச்சு.

பாதி வரிசையில இருக்கும்போது பின்னால சத்தம் கேட்டுச்சு. என்னன்னு திரும்பிப் பாத்தா, கை தட்டுறாய்ங்க. ஆமா சார். வாசல்ல நிக்கிற அத்தன பேரும் கை தட்டுறாய்ங்க. போன வச்சு படம் புடிக்கிறாய்ங்க. ‘இந்தப் பக்கம் பாருங்க, வாளிய நல்லாத் தூக்குங்க’ன்னு ஒருத்தன் கத்துறான். ஒரு மனுஷன் குனிஞ்சு எச்சி வாருறதப் பாக்குறதுல இவய்ங்களுக்கு என்ன அம்புட்டு ஆனந்தம்? வயிறு நெறஞ்சவன் புத்தி எங்கெல்லாம் போகுது பாத்தீங்களா? அன்னைக்கு அந்த எச்சி இலைய விட அந்தக் கைதட்டுதான் சார் எனக்கு அதிகமாக் குமட்டுச்சு.

நாகமாணிக்கம் ஓடியாந்தாரு. கண்ணுல தண்ணி. ‘சம்பந்தி, ஆள விட்டு எடுப்பீங்கன்னு பாத்தா நீங்களே எடுத்துட்டீங்களே! எவன் வீட்டுக் கல்யாணத்துல பொண்ணப் பெத்தவன் எச்சி இலை எடுத்திருக்கான்? என் அந்தஸ்த்த எங்கயோ கொண்டு போய் வச்சுட்டீங்க’ன்னாரு. சொன்னாரே ஒழிய கிட்ட வரல. ரெண்டடி தள்ளியே நின்னு கும்புட்டாரு.

ரெண்டாவது பந்தி உக்காந்துச்சு, எல்லாருஞ் சாப்பிட்டாக. மூணாவது பந்தியும் நடந்துச்சு. அதுக்கும் நாந்தான். ஒரு தடவ எடுத்தவன்தான எடுக்கணும்? யாரும் கேக்கக் கூட இல்ல, ‘அண்ணே, இந்தப் பக்கம் முடிஞ்சிருச்சு’ன்னு வெரல நீட்டுனாய்ங்க. போய் எடுத்தேன். அதனால என்ன, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சுல்ல? பேரு கெட்டுப் போகல. அதான் வேணும்.

சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளைய வழியனுப்பணும். நான் குளிச்சேன் சார். சீயக்கா போட்டு, அப்புறம் சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழத்த அறுத்து நகக்கண்ணுல எல்லாம் தேச்சு, புது வேட்டி மாத்திக்கிட்டுத்தான் வந்தேன். அவ பொறந்ததுல இருந்து பரிச்சைக்குப் போனாலும், ஊருக்குப் போனாலும் எங்கையால திருநீறு பூசாம வாசப்படி தாண்ட மாட்டா. கட்டை வெரல்ல திருநீற எடுத்துக்கிட்டு நெத்திக்கிட்டக் கொண்டு போனேன்.

‘குடுங்கப்பா, நானே பூசிக்கிறேன்’னு உள்ளங்கைய நீட்டுனா.

கைய எங்கைக்கு ரொம்பக் கீழ வச்சுக்கிட்டா. மேல இருந்து போடணும், தொட்டுறாமப் போடணும், அந்த மாதிரி. போட்டேன். பாதி கையில விழுந்துச்சு, பாதி காத்துல போச்சு. மேக்கப்பு போட்டிருந்தா சார். அது கலைஞ்சிரும்னுதான். வேற என்ன இருக்கப் போகுது?

மறுவீட்டுக்கு வந்தப்பவும் எம் மக வசுமதி கிட்டேயே உக்காந்திருந்தா. நான் ஒரு சுளை பலாப்பழத்தக் கொட்டைய எடுத்து நீட்டுனேன். பலாப்பழம்னா உசுரு அவளுக்கு. ‘வேணாம்ப்பா’ன்னா. ஏன்டான்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்றா, ‘எனக்கு அன்னைக்கு நீங்க அந்த இலைகள… அது கண்ணுலயே நிக்குதுப்பா. நான் வேணும்னு பண்ணலப்பா.’ சொல்லி முடிக்கல, எந்திரிச்சு உள்ள போயிட்டா. நான் யாருக்காக எடுத்தேன் சார்? சொல்லுங்க. அவ தலை குனியக் கூடாதுன்னுதான எடுத்தேன்? எல்லாம் அந்த வாளியால வந்த வினை. பாழாப்போன நாலு இலைய அவ எடுத்துப் போட்டிருந்தா எம் மக இன்னைக்கு எங்கூட இருந்திருப்பா. அவளுக்கு அது பழகுன வேலை. அவ கைக்கு என்ன வந்துறப் போகுது?

எனக்கு மட்டும் என்ன வந்துருச்சுங்கிறீங்க? ஒண்ணும் வரல. தையில நடந்தது, இப்ப ஆடி. அன்னையில இருந்து எத்தன தடவ கழுவியாச்சு. மஞ்சள் போட்டுக் கழுவுனேன், புளி போட்டுக் கழுவுனேன், ராமேஸ்வரத்துல போய்க் கடல்ல முங்கி எந்திரிச்சு வந்தாச்சு. வசுமதி தெனமும் என் கையால வெத்தலை மடிச்சுக் குடுக்கச் சொல்லி வாங்கித்தான் போட்டுக்கிறா. ஒண்ணும் இல்ல, சுத்தமாத்தான் இருக்குங்கிறா. பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவா, அத நம்ப முடியாது. வெளியாளு ஒருத்தரு சொல்லணும். அப்பத்தான் நான் போய் எம் மக முன்னால தைரியமா நிக்க முடியும். நீங்க வெளியாளு. ஏதாச்சும் வாட வருதா பாருங்க. இந்தா, இந்தக் கைதான். ச்சும்மா மூக்குக்கிட்டக் கொண்டு போய் ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லுங்க சார். ஏன், மொகத்த ஏன் திருப்புறீங்க? ஒரே ஒரு தடவ சார். எங்க எந்திரிக்கிறீங்க? பஸ்ஸு இன்னும் நிக்கலையே.